மிஞ்சின உணவும் மனச்சாட்சியும்



சாப்பாட்டைக் கொட்டுவது பாவமா என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர். கெட்டுப்போயிருக்கலாம் என்று தோன்றும் சாப்பாட்டைப் பிறருக்குப் பரிமாறுவது பாவமா என்று கேட்பவர்களோ வெகு சிலர். இவ்விரண்டு கேள்விகளும் ஒரே அடுப்படியில், ஒரே பாத்திரத்தின் முன், ஒரே வேளையில்தான் எழும்புகின்றன. ஆகையால் இவ்வாரம் இரண்டையும் சேர்த்தே ஆராய்வோம். அற்பக் காரியம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் செய்யும் நன்மையும் தீமையும் பெரும்பாலும் இப்படிப்பட்ட அற்பக் காரியங்களில்தான் நடந்தேறுகின்றன.

ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை; பிள்ளைக்குப் புதுநன்மை. பகல் 12 மணிக்கு நெய்ச்சோறும் கோழிக் குழம்பும் இறக்கியாயிற்று. உறவினர் வந்து உண்டு வாழ்த்திச் சென்றார்கள். 2 மணிக்குப் பந்தி முடிந்தது. குண்டானில் கால்வாசிச் சோறு மிச்சம். சட்டியில் நாலைந்து பேருக்குப் போதுமான குழம்பு மிச்சம். எல்லோருக்கும் களைப்பு. ஃபிரிட்ஜ் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. எடுத்து வைக்கத்தான் ஒருவருக்கும் ஞாபகமில்லை. இரவு 8 மணிக்கு வீட்டுத் தாயார் மூடியைத் திறக்கிறாள். முகர்ந்து பார்க்கிறாள், வாசனை நன்றாகவே இருக்கிறது. ஒரு துளியை நாக்கில் வைக்கிறாள், ருசியும் மாறவில்லை.

அவள் மனதில் மூன்று யோசனைகள் வருகின்றன. நன்றாகச் சூடுபண்ணிப் பிள்ளைகளுக்குப் போடலாம். அல்லது, பிள்ளைகளுக்கு வேண்டாம், நானே சாப்பிட்டுவிடுகிறேன். அல்லது, எடுத்து வைத்தால் காலையில் வேலைக்கு வரும் அம்மாளுக்குக் கொடுக்கலாம். நாலாவது வழி ஒன்றுண்டு, கொட்டிவிடுவது. அதற்கு மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

அப்படி மனம் வராதிருப்பது நல்ல குணமே. அதை யாரும் பரிகசிக்கலாகாது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் 60 சதவீதம் கடைகளிலுமல்ல, உணவு விடுதிகளிலுமல்ல, நம்மைப்போன்றவர்களுடைய வீடுகளில் வீணானது. அதே உலகில் கோடிக்கணக்கானோர் பசியோடு படுக்கிறார்கள். உணவை எறிவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கொப்பாகும் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2013-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் எச்சரித்தார். அப்பத்தைப் பலுகச் செய்த நம் ஆண்டவரே துணிக்கைகளை வீணாக்காமல் சேர்க்கச் சொன்னார் என்பதையும், அவை 12 கூடைகள் நிறைந்தன என்பதையும் நாம் அறிவோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜனங்கள் பசியாறின கையோடேயே அந்தக் கட்டளை பிறந்தது. இதைப் பின்னால் மறுபடியும் பார்ப்போம்.

முதலில், மூடியிருந்த அந்தப் பாத்திரத்துக்குள் அந்த ஆறு மணி நேரமும் என்ன நடந்தது?

கொதித்த பண்டம் சுத்தமான பண்டம் என்பது நம் எண்ணம். இத்தாலியராகிய லாசரோ ஸ்பல்லன்சானி என்னும் குருவானவர் 1765-ம் ஆண்டிலேயே இதைச் சோதித்தார். சாற்றைக் குப்பியில் அடைத்து நெடுநேரம் கொதிக்கவைத்தால் அதில் சிற்றுயிர்கள் தோன்றுவதில்லை. காற்றுப் புகுந்தால் தோன்றுகின்றன என்று காட்டினார். ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப்பின் பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர் அதை ஐயந்திரிபற நிலைநாட்டினார். ஆனால் அதற்குப்பின் தெரியவந்த மற்றொரு உண்மை நம் காரியத்துக்கு இன்னும் முக்கியமானது. சில கிருமிகள் கடினமான விதையைப்போன்ற ஒரு உருவெடுத்து, கொதிக்கும் நீரிலும் சாகாமல் கிடக்கின்றன. அரிசியில் சாதாரணமாகக் காணப்படும் பசில்லஸ் செரியஸ் அத்தகையது. சோறு வேகும்போது மற்றக் கிருமிகள் மடிகின்றன, இது மடிவதில்லை. சோறு வெதுவெதுப்பாக ஆறும்போது விழித்துக்கொள்கிறது. எதிர்த்து நிற்கப் பிற கிருமிகள் அங்கே இல்லாததால் தாராளமாகப் பெருகுகிறது.

கிருமிகளுக்கு உகந்த சூடு 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள். தக்க வெதுவெதுப்பில் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிருமி 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகையால்தான் சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரமே கெடு என்று அமெரிக்க விவசாய இலாகா சொல்லுகிறது. சித்திரை மாதத்து நம் அடுப்படியில் எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி, நாம் நம்பும் இரண்டு சாட்சிகளை விசாரிப்போம்.

முதல் சாட்சி மூக்கு. ஊசிப்போன நாற்றத்தையும் நூல்விடும் கொழகொழப்பையும் உண்டாக்குகிற கிருமிகள் ஒரு ஜாதி; மனிதனை நோயில் தள்ளுகிற கிருமிகள் பெரும்பாலும் வேறு ஜாதி. பின்னவை மணத்தையும் ருசியையும் மாற்றாமலே பெருகக்கூடும். நாற்றமடித்தால் உணவு கெட்டது என்று மூக்கு சொல்வதை நம்பலாம். நாற்றமில்லையென்றால் உணவு நல்லது என்று சொல்ல மூக்குக்கு அதிகாரமில்லை. ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்ப்பதும் அப்படியே.

இரண்டாம் சாட்சி மறுசூடு. “கொதிக்கக் கொதிக்கச் சூடுபண்ணினால் எல்லாம் செத்துப்போகும்” என்கிறோம். கிருமி சாகும், மெய்தான். ஆனால் பசில்லஸ் செரியஸில் ஒரு வகை உணவிலேயே நஞ்சைக் கக்கி வைக்கிறது. அந்த நஞ்சு பிரஷர் குக்கரின் சூட்டையும் தாங்கும். கையிலும் மூக்கிலும் குடியிருந்து, பரிமாறும்போது உணவில் விழுகிற ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் கிருமியின் நஞ்சும் கொதியில் அழிவதில்லை. சூரை, கானாங்கெளுத்தி முதலிய மீன்களைப் பிடித்தபின் வெயிலில் போட்டுவைத்தால் உண்டாகும் ஹிஸ்டமின் என்னும் பொருளும் அவ்வாறே. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. திருடன் செத்தான், அவன் வைத்துவிட்டுப்போன வெடி சாகவில்லை.

இது புத்தகத்தில் மட்டும் உள்ள சங்கதியல்ல. 2008-ம் ஆண்டில் பெல்ஜியம் தேசத்தின் பிரசல்ஸ் நகரில் 20 வயது மாணவன் ஒருவன், 5 நாள் வெளியில் இருந்த சேமியாவைப்போன்ற ஸ்பகெட்டியைச் சூடுபண்ணிச் சாப்பிட்டு, இரவில் உறங்கினவன் எழுந்திருக்கவில்லை. அதே தேசத்தில் 2003-ல் ஒரு குடும்பத்தின் 5 பிள்ளைகள், சில நாட்களுக்கு முன் செய்த பாஸ்தா உணவை உண்டு நோயுற்றார்கள். 7 வயதுப் பெண் குழந்தை இறந்தது. அவ்வுணவின் மீதியை ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தபோது அதற்குள் 14 டிகிரி இருந்தது. 5 டிகிரிக்குமேல் போகாதபடி குளிர்விக்காத பெட்டி, கதவுள்ள அலமாரிதான்.

நியாயத்தையும் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட மரணம் அபூர்வம். வெளியில் மறந்துவிட்ட உணவை உண்டவர்களில் அநேகருக்கு ஒன்றும் நேருவதில்லை; சிலருக்கு ஒருநாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். “எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறோம், என்ன ஆயிற்று?” என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும் முன்னே நேராதது இனி நேராது என்பதற்கு ஜாமீன் யார்? பாதையைப் பாராமல் தண்டவாளத்தைக் கடந்த பத்து முறையும் ரயில் வரவில்லை என்பது பதினோராம் முறைக்கு ரட்சையாகாது.

இனி மனச்சாட்சியின் காரியத்துக்கு வருவோம். நன்னெறி சாஸ்திரத்தில் சந்தேகத்தை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். கட்டளையைப்பற்றிய சந்தேகம் ஒன்று. நடந்த காரியத்தைப்பற்றிய சந்தேகம் மற்றொன்று. நோயிலிருந்து தேறிவருகிற ஒருவனுக்கு ஒருசந்திக் கடமை உண்டா இல்லையா என்பது முதல் வகை. ஆராய்ந்தும் தெளிவில்லையென்றால் அவன் மனவமைதியோடு சாப்பிடலாம். சந்தேகமான கட்டளை கட்டுப்படுத்தாது. ஆனால் இரண்டாம் வகையில் இந்தச் சலுகை செல்லாது. புதருக்குப் பின்னால் அசைவது மானா மனிதனா என்று வேடனுக்குச் சந்தேகம். “மானாக இருக்கலாம்” என்று அவன் அம்பை விடலாமா? கூடாது என்பதே சாஸ்திரிகள் அனைவரின் தீர்ப்பு. ஏனென்றால் அவனுடைய சந்தேகம், புதருக்குப் பின்னால் நிற்பவனுடைய மார்புக்குக் கவசமாகாது.

1679-ம் ஆண்டில் பாப்பரசர் பதினோராம் இன்னொசெந்தியுஸ், அக்காலத்தில் பரவியிருந்த 65 தளர்ந்த கருத்துக்களைக் கண்டித்தார். “ஏதோ ஒரு நியாயம் இருந்தால் போதும், எதையும் செய்யலாம்” என்னும் போக்குக்கு அதனால் கடிவாளம் விழுந்தது. நன்னெறி சாஸ்திரிகளின் பாதுகாவலரான அர்ச். அல்போன்சுஸ் லிகோரியார் மனச்சாட்சியை வீணாக நெருக்குவதை வெறுத்தவர்; அவர் வழிவந்தவர்களும்கூட, பிறர் உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய இடத்தில் பத்திரமான வழியையே பின்பற்றவேண்டும் என்று போதிக்கிறார்கள். வைத்தியனைக் கட்டுப்படுத்தும் இந்த விதி அகப்பை பிடித்த கையையும் கட்டுப்படுத்தும்.

இந்த அளவுகோலைக்கொண்டு அந்தத் தாயாரின் மூன்று யோசனைகளையும் அளந்து பார்ப்போம்.

பிள்ளைகளுக்குப் போடலாமா? கூடாது. பிள்ளை நம்பிச் சாப்பிடுகிறது. சோறு எத்தனை மணிக்கு இறக்கியது என்று அது கேட்பதில்லை. அதன் சிற்றுடம்பு வாந்தியையும் போக்கையும் பெரியவர்களைப்போல் தாங்காது. கர்ப்பிணிகளும் முதியோரும் அவ்வாறே.

தான் மட்டும் சாப்பிடலாமா? நம் தாய்மார்களின் தியாகத்தை நான் அறிவேன். மீந்ததும் ஆறினதும் அடிப்பிடித்ததும் அவர்கள் பங்காகவே போகிறது. “எனக்கொன்றும் ஆகாது” என்பது அவர்கள் வாயில் வழக்கமான வார்த்தை. ஆனால் ஐந்தாம் கற்பனை தன் உயிரையும் காக்கச் சொல்லுகிறது. தாய் படுத்தால் வீடே படுக்கும் என்பதையும் நினைக்கவேண்டும். அன்றியும், இதில் ஒரு கணக்குப் பிழையுண்டு. உணவு வீணான நேரம் இரவு 8 மணியல்ல. பந்தி முடிந்தபின் எடுத்து வைக்காமற்போன மாலைப்பொழுதே அது வீணாயிற்று. வயிற்றில் கொட்டினாலும் எருக்குழியில் கொட்டினாலும் அந்த நஷ்டம் நஷ்டமே. நோயை வாங்கிக்கொள்வதால் அது ஈடாகிவிடாது. ஒரு நஷ்டம் இரண்டாகும், அவ்வளவே.

வேலைக்கு வரும் அம்மாளுக்குக் கொடுக்கலாமா? இங்கேதான், அன்பர்களே, நம் மனச்சாட்சியை நன்றாகத் தட்டிப் பார்க்கவேண்டும். என் பிள்ளைக்குப் போட அஞ்சுகிற சோற்றை அவள் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது தர்மமாகுமா? “அவர்களுக்கெல்லாம் பழக்கம், ஒன்றும் செய்யாது” என்கிறோம். கிருமிக்கு ஏழை பணக்காரன் தெரியாது. வித்தியாசம் பிற்பாடுதான் தெரியும். நம் பிள்ளைக்கு வாந்தியென்றால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அவளுக்கோ அன்றைய வேலையும் கூலியும் போகும். கொட்ட மனம் வராத நாம், கொட்டுகிற பழியை அவள் தலையில் வைத்து, அதற்குப் பிறர்சிநேகம் என்று பேரும் வைத்துக்கொள்கிறோம். தானம் கொடுக்கும் கைக்கு ஒரே பரீட்சைதான்: எப்போது சமைத்தது, எங்கே இருந்தது என்று வாங்குகிறவளிடம் ஒளிக்காமல் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியாதென்றால் அது தானமல்ல.

ஒரு ஆட்சேபம் வரலாம். “இந்த வேதாந்தமெல்லாம் மறுவேளைக்கு அரிசி இருக்கிற வீட்டுக்கு. இதைக் கொட்டினால் பிள்ளைகள் பட்டினி என்றிருக்கிற வீட்டில் என்ன செய்வது?” இது நியாயமான ஆட்சேபம், மேலெழுந்தவாரியாக இதற்குப் பதில் சொல்லலாகாது. பசி நிச்சயம், ஆபத்து சந்தேகம் என்கிற நிலையில் தவிக்கிற தாய்க்கு நாம் குற்றம் சாட்டவேண்டாம். அரைப்படி அரிசி இருந்தால் புதிதாய்க் கஞ்சி காய்ச்சுவதே நலம். அதுவும் இல்லையென்றால் குற்றம் அவள் அடுப்படியில் இல்லை, அவளுக்கு அடுத்த வீட்டுக்காரராகிய நம்மிடத்தில் இருக்கிறது. அவளுடைய பிள்ளைக்கே சந்தேகச் சோறு அதிக ஆபத்து. மெலிந்த உடம்பு நோயைத் தாங்காது. ஆகையால் அந்த வீட்டுக்கு நாம் கடன்பட்டிருப்பது 8 மணிச் சோறு அல்ல, 2 மணிச் சோறு. சுடச்சுட இருக்கும்போதே, நம் இலைக்குப் பரிமாறின அதே குண்டானிலிருந்து எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். தர்மத்துக்கும் நேரமுண்டு.

இவ்வளவும் சொன்னதனால், இனி எதைக் கண்டாலும் அஞ்சி எறியத் தொடங்கவேண்டாம். வீண் அச்சமும் மனச்சாட்சிக்கு ஒரு நோயே. ஊறுகாயை உப்பும் புளிப்பும் காக்கின்றன. அப்பளத்தையும் முறுக்கையும் கருவாட்டையும் ஈரமின்மை காக்கிறது. இட்லிமாவில் நல்ல கிருமிகள் உண்டாக்கும் புளிப்பு, தீய கிருமிகளை அடக்குகிறது. நம் பாட்டிமாரின் பழைய சோறு தற்செயலாக மிஞ்சிக் கிடந்த சோறல்ல. ஆறின சோற்றில் நீரூற்றி, முறையாகப் புளிக்கவைத்து, மறுநாள் காலையிலேயே காலிசெய்த சோறு. மதியம் முதல் மூடிக்கிடந்த நெய்ச்சோற்றுக்கு அதைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமல்ல. சந்தேகப்படக் காரணமிருந்தால் சந்தேகப்படுவது விவேகம். காரணமின்றிச் சந்தேகப்படுவது அலைச்சல்.

இனி நடைமுறைக்குச் சில யோசனைகள். பந்தி முடிந்த கையோடு கடிகாரத்தைப் பாருங்கள். அடுப்பை அணைத்த நேரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மிஞ்சினதைப் பெரிய குண்டானிலேயே விட்டுவைக்காமல் அகலமான தட்டுகளில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். குழம்புச் சட்டியைக் குளிர்ந்த நீர் நிறைந்த தாம்பாளத்தில் வைத்துக் கிளறலாம். 2 மணி நேரத்துக்குள், கோடையில் 1 மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் சேருங்கள். உள்ளே 5 டிகிரிக்குமேல் போகக்கூடாது. சோற்றை மறுநாளைக்குள்ளும், கறி குழம்புகளை 3 நாளுக்குள்ளும் முடித்துவிடுங்கள். எடுத்தால் ஒரே முறை, ஆவி பறக்கச் சூடுபண்ணுங்கள். மின்சாரம் நின்றால் கதவைத் திறவாதிருங்கள். சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும், அதற்குமேல் இறைச்சி, மீன், பால், சோறு இவற்றை நம்பவேண்டாம். யாருக்காவது வாந்தியும் போக்கும் கண்டால், கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் மட்டமாய் அளந்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். குழந்தையாயிருந்தாலும், இரத்தம் கண்டாலும், சிறுநீர் குறைந்தாலும் வைத்தியரிடம் போகத் தாமதிக்கவேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, அளவாகச் சமையுங்கள். சிக்கனம் அரிசியை அளக்கும்போது தொடங்கவேண்டிய புண்ணியம். உலையில் அளவின்றிப் போட்டுவிட்டு, இரவில் ஊசிப்போகும் சோற்றைக் கட்டிக்கொண்டு அழுவதற்குச் சிக்கனம் என்று பெயரல்ல.

தவறிப்போன நாளில் என்ன செய்வது? நேரம் தெரியவில்லை, நேரம் கடந்துவிட்டது என்றால், வருத்தத்தோடு கொட்டிவிடுங்கள். எருக்குழியிலிட்டால் மண்ணுக்காவது உதவும். அந்த வருத்தம் வேண்டியதே. அடுத்த வாரம் கடிகாரத்தைப் பார்க்க அது நமக்குக் கற்றுக்கொடுக்கும். நம் அஜாக்கிரதையின் நஷ்டத்தை நாமே ஏற்றுக்கொள்வோம். அதை ஒரு பிள்ளையின் வயிற்றிலோ ஏழையின் வயிற்றிலோ எழுதிவிடாதிருப்போம்.